எதை ஒன்று என்று வைத்தாய்?

விரல்கள் பென்சிலை விடவில்லை. கம்ப்யூட்டர் தாளின் வெற்றுப் பின்பக்கத்தில் அதே கணக்கு மூன்றாவது முறையாக இறங்கிக்கொண்டிருந்தது. பிறந்த கணத்தில் பிரபஞ்சம் தாறுமாறாக விரிந்ததே, அந்த விரிவு ஓய்ந்தபோது அதன் வேகத்தின் வர்க்கம் என்ன? மூன்றாவது முறையும் பழைய விடையே வந்தது.

2001 டிசம்பர். சுரங்க மெக்கானிக் சவரிராஜின் நெய்வேலி குவார்ட்டர்ஸ். கணக்குப் போட்டவர் அவர் மகள் லிடியா. கடலூரில் பி.எஸ்ஸி. படிக்கும்போதே சார்பியலைத் தானாகக் கற்று, சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர். அங்கே ஒரே கணக்கை இரண்டு பேர், ஒருவருக்கொருவர் காட்டாமல் போட வேண்டும். விடைகள் ஒத்தால்தான் வழிகாட்டி தேவயானி கட்டுரையைக் கையில் வாங்குவார். ஒத்துவராவிட்டால், ஜனவரியில் புனே கருத்தரங்கில் லிடியாவின் முதல் உரை கிடையாது.

இதே கணக்கைத் தனியாகப் போட்ட சக ஆராய்ச்சி மாணவர் ஆனந்த்ராஜ், பக்கத்து மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். லீவுக்கு ஊர் வந்தவர், சென்னை திரும்பும் நாளில் தாள்களோடு பஸ் ஏறி லிடியா வீட்டுக்கு வந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். விடைகள் கிட்டத்தில்கூட இல்லை.

"யாரோ ஒருத்தர் தப்பு. அது நான் இல்ல," என்றார் ஆனந்த்ராஜ்.

ஷிஃப்டுக்குக் கிளம்பிய சவரிராஜ் எட்டிப் பார்த்தார். "காலையிலேர்ந்து போட்டுகினே இருக்கீங்க. உலகம் உண்டாயி முடிஞ்சிடுச்சிம்மா, இனிமே யாரு மாத்தப் போறா?"

வரிவரியாகச் சரிபார்த்தார்கள். இருவரிடமும் பிழை இல்லை. பிழையே இல்லாமல் எப்படி வேறுபடும்? லிடியா ஒரு விடையை மற்றதால் வகுத்துப் பார்த்தார். 25.13. பென்சில் நின்றது. அது வட்டக் கணக்கில் வரும் 'பை'யின் (π) எட்டு மடங்கு.

"ஆனந்த், நீ எதை ஒண்ணுன்னு வச்சே?"

வரிகள் நீளாமலிருக்க, இயற்கையின் மாறிலிகளை ஒன்று என்று வைத்துக்கொள்வது இவர்கள் தொழிலில் பழக்கம். லிடியா ஈர்ப்பு மாறிலியை ஒன்று என்று வைத்திருந்தார். ஆனந்த்ராஜோ அதை எட்டு 'பை'யால் பெருக்கி, வந்ததை ஒன்று என்று வைத்திருந்தார். தெரிந்ததுதானே என்று இருவருமே அதை எழுதவில்லை. ஒரே நிலத்தை இரண்டு கோல்களால் அளந்திருக்கிறார்கள்.

லிடியாவின் விடையை ஆனந்த்ராஜின் கோலுக்கு மாற்றினார்கள். கடைசி இலக்கம்வரை ஒத்தது. இருவராலும் உட்கார முடியவில்லை.

"ரெண்டு பேரும் சரி," என்றார் லிடியா. "தனித்தனியா போட்டு, ரெண்டு பேரும் சரி!"

நல்ல பிரதியின் முதல் வரியில், எதை ஒன்று என்று வைத்தோம் என்பதை எழுதினார். பின்னாளில் அவர் எழுதிய ஒவ்வொரு கட்டுரையிலும் அந்த வரி இருந்தது.

மாலையில் மந்தாரக்குப்பத்தில் ஆனந்த்ராஜ் சென்னை பஸ் ஏறினார். "மடிக்காத. மேடம் கையிலயே குடு," என்று சொல்லி, ஜன்னல் வழியாக லிடியா கட்டுரையை நீட்டினார். ஆனந்த்ராஜ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.