ஓட்டையில்லாத கீரை

பலாங்கொடையில் பளீலாவை ஏமாற்றிய வியாபாரி எவரும் இல்லை. கணவர் முக்தாரின் பலசரக்குக் கடையில் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்தவர் அவர். மிளகில் கலந்த பப்பாளி விதையை விரலால் தடவியே பிரித்தெடுப்பார். முக்தார் மௌத்தாகி அடக்கப்பட்டு, கடை கைமாறிய பின்னரும் அந்த விரல்கள் ஓயவில்லை. மகள் நுஸ்கா வாங்கிவரும் தேயிலைப் பொட்டலத்தைக்கூட முகர்ந்துபார்த்த பிறகே அலமாரியில் வைப்பார்.

அப்படிப்பட்டவர், மலைத் தோட்டத்துப் பெண்கள் மருந்தடிக்காமல் பயிரிட்டு வாரந்தோறும் அனுப்பும் மரக்கறிப் பெட்டிக்குத் தாம் குடியிருக்கும் ஒழுங்கையில் ஒன்பது வீடுகளைச் சேர்த்துவிட்டார். "நான் பொறுப்பு" என்று அவர் சொன்ன ஒரு சொல்லுக்காகவே அந்த வீட்டார் சம்மதித்தனர்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தவருக்கு முகம் சுருங்கியது. கீரையில் ஓர் ஓட்டைகூட இல்லை. போஞ்சிக் காய்கள் அளவெடுத்தாற்போல் ஒரே நீளம். மருந்தடிக்கவில்லையென்றால் பூச்சிகள் எங்கே போயின? சந்தையில் வாங்கி அடைத்து அனுப்புகிறார்களோ?

"நல்ல மரக்கறி வந்தாலும் சந்தேகமா, உம்மா?" என்று நுஸ்கா சிரித்தாள்.

"நல்லா இருக்கிறதுதான் மகள் எனக்குச் சந்தேகம். நாளைக்கு அடுத்த வீட்டு ஸபியா, 'நீங்க சொல்லித்தானே எடுத்தேன்' எண்டு கேட்டா, முகத்த எங்க கொண்டுபோய் வைக்க?"

பெட்டி கட்டும் நாள் வியாழக்கிழமை. அடுத்த வியாழன், யாருக்கும் சொல்லாமல் பளீலா தோட்டத்து பஸ்ஸில் ஏறினார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்புறம் போனவர் முதலில் சந்தைச் சாக்கைத் தேடினார், இல்லை. மருந்து டாங்கியைத் தேடினார்; இல்லை. மூலையிலிருந்த பீப்பாயின் மூடியைத் திறந்து முகர்ந்தார். சாணக் கரைசலின் வீச்சத்தில் கண் கலங்கியது.

பெட்டி அனுப்பும் பெண்களில் ஒருத்தி கருப்பாயி. தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்திருந்தவள், இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து விரித்துக் கீரை பிரித்துக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் மாசற்ற இலைகள். இடப்பக்கம் ஓட்டை விழுந்த இலைகளும் கோணல் போஞ்சிகளும் ஒரு குவியல்.

"இதென்ன புள்ள, ஒதுக்கி வச்சிருக்கீங்க?"

"அது எங்க சட்டிக்குங்கம்மா. ஓட்டையையும் கோணலையும் ஒங்களுக்கு எப்படிங்க அனுப்புறது? கொழுந்து நிறுக்கிற மடுவத்துல ரெண்டு முத்தல் எலயக் கண்டாலே கணக்கப்புள்ள கிலோவ வெட்டிருவாரு. அந்தப் பயத்துல கை தன்னால பொறுக்குதுங்க."

பளீலா குவியலிலிருந்து ஓர் இலையை எடுத்துத் தடவிப்பார்த்தார். அந்த விரல்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"இனி எங்கட பெட்டிகளுக்கு இதையும் சேர்த்தே போடுங்க."

கருப்பாயியின் கை நின்றது. "வெலயக் கொறைக்கவாம்மா?"

"ஒரு சதமும் குறைக்க மாட்டேன்."

"அப்பறம் எதுக்கும்மா ஓட்ட எலயக் கேக்குறீங்க?"

மிளகு விற்க வந்தவர்களைத் தாம் முப்பது ஆண்டுகள் பார்த்த அதே பார்வையைப் பளீலா கருப்பாயியின் கண்களில் கண்டார். "ஓட்டையக் கண்டாத்தான் புள்ள, மருந்தடிக்கல்ல எண்டு எங்கட ஆக்கள் நம்புவாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை எல்லா வீட்டுப் பெட்டிகளும் வழக்கம்போல் பளீலாவின் வாசலில் இறங்கின. தம் பெட்டியைத் திறந்தார். மேலே ஓட்டைக் கீரை. அடியில், எதற்கும் இருக்கட்டுமென்று கருப்பாயி வைத்த மாசற்ற கட்டு ஒன்று. பளீலா ஓர் இலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஈர்க்குச்சியால் குத்திய ஓட்டையாக இருந்தால்?

மூன்றாவது இலையின் ஓரத்தில் பச்சைப் புழுவொன்று தலையைத் தூக்கியது.

"ஸபியா!" என்று மதிலுக்கு மேலாகக் குரல் கொடுத்தார். "வந்து உங்கட பெட்டிய எடுத்துப் போங்க! நான் பொறுப்பு!"