தட்டான் இல்லாத வயல்

வகுப்பில் அந்த வளைகோட்டை வரையும்போதெல்லாம் எனக்குச் சாக்பீஸ் உடைந்துவிடும். பூச்சியின் எண்ணிக்கை மெல்ல ஏறி, பிறகு விறுவிறுவென்று ஏறி, தீனியும் இடமும் போதாமல் ஒரு மட்டத்தில் நின்றுவிடும் கோடு. அதன் கீழே, அந்தப் பூச்சியைத் தின்னும் சிலந்தியின் கோடு. “ஏன் மேடம் இவ்ளோ அழுத்தி எழுதுறீங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். எங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன் என்றா சொல்ல முடியும்?

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வேலி நிலம், ஏக்கர் கணக்கில் ஆறரைக்கு மேல். அதை ஒட்டினாற்போலக் கிடந்த ஒரு ஏக்கர் மட்டும் எங்களுடையது இல்லை. அந்த வயல்காரம்மாவின் மாமனார் எங்கள் தாத்தாவிடம் பண்ணையாளாக இருந்து, பின்னால் தன் பெயருக்குப் பட்டா வாங்கிய ஏக்கர் அது. கணவர் இறந்தபின் அந்த அம்மாவே இறங்கிச் சாகுபடி செய்தார். அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பா அவரை ‘நீ’ என்பார், அவர் அப்பாவை ‘ஐயா’ என்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதில் ஒரு கோணலும் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் விட்டால் நேரே அவர் வயலுக்குத்தான் ஓடுவேன், தட்டான் பிடிக்க. எங்கள் வயலில் பேருக்குக்கூட ஒரு தட்டான் கிடையாது. அவர் வயலிலோ பயிருக்கு மேல் மொய்க்கும். தோகைக்குத் தோகை சிலந்தி வலை வேறு. ஏன் இப்படி என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வரப்பில் புல் அறுத்துக்கொண்டே அவர், “வால்ல நூலக் கட்டாத பாப்பா, வுட்டுரு” என்பார். நான் கட்டுவேன்.

அந்த வருடச் சம்பாவில் புகையான் விழுந்தது. நெல்லின் தூரில், தண்ணீருக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் பொடிப் பழுப்புப் பூச்சி. உரக்கடைக்காரர் கொடுத்த மருந்தை அப்பா அடித்தார். குறைந்தாற்போல இருந்து, முன்னைவிட அதிகமாக வந்தது. அளவைக் கூட்டி அடித்தார். மறுபடி வந்தது. மூன்றாம் முறை இரண்டு மருந்தைக் கலந்தே அடித்தார். பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்தது. பக்கத்து வயலில் அடிக்காமல் விட்டிருக்கிறார்களே, அங்கிருந்துதான் ஏறி வருகிறது என்று கடைக்காரர் காரணம் சொல்லிவிட்டார்.

அப்பா வரப்பில் நின்று கத்தினார். அந்த அம்மா சேற்றிலிருந்து நிமிர்ந்தார்.

“போன வருசம் நீங்க சொன்னீங்கன்னு அடிச்சேங்கய்யா. அதுக்கப்புறந்தான் பூச்சி கூடிப்போச்சு. இந்த வருசம் சிலந்தி நெறைய கெடக்கு, அதுவே தின்னுக்குது. பாருங்க, பயிரு பச்சையாத்தானே நிக்குது?”

“எனக்கே பாடம் எடுக்குறியா?” என்றார் அப்பா.

வரப்புக்கு இந்தப் பக்கம் கருகல், அந்தப் பக்கம் பச்சை. படித்த மனிதர், கண்ணும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அந்தப் பச்சையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வாரமே ஒருநாள் சாயங்காலம் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். “நாளைக்கு பூதலூர் போறேன் பாப்பா, மவளுக்குப் பிரசவம். ரெண்டு நாள்ல வந்துருவேன். வயல ஒரு கண்ணு பாத்துக்க.” எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் முதல் வேலையாக இதைத்தான் சொன்னேன்.

அப்பா நிமிர்ந்து, “எப்ப வருதாம் அது?” என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

மறுநாள் காலையில் சித்தப்பா பவர் ஸ்ப்ரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு அந்த ஏக்கருக்குள் இறங்கினார். அப்பா வரப்பில் நின்று மூலை முடுக்கெல்லாம் கைகாட்டினார். வயலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களே என்று நானும் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிலந்திகள் காலை மடக்கிக்கொண்டு தண்ணீரில் மிதந்தன. குச்சியால் தள்ளி விளையாடினேன்.

திரும்பி வந்தவருக்கு வரப்பிலேயே வாடை தெரிந்துவிட்டது. “ஏங்கய்யா இப்புடிச் செஞ்சீங்க?”

“ஒன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்” என்றார் அப்பா.

அந்த அம்மா அப்பாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “நான் ஊருக்குப் போனத நீதான் சொன்னியா பாப்பா?”

“ஆமா” என்றேன். பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

மூன்று வாரத்தில் அவர் வயலிலும் வட்டம் விழுந்தது. மூன்று தடவை அடித்தும் சாகாதவைதான் எங்கள் வயலில் மிஞ்சியிருந்தன. சாகாததற்குப் பிறந்தவையும் அந்த மருந்துக்கு லேசில் சாவதில்லை. எங்கள் கையாலேயே பொறுக்கி எடுத்து, பெருக்கி, தின்ன ஒரு சிலந்திகூட இல்லாத வயலுக்கு அனுப்பிவைத்திருந்தோம். பரிணாமம் என்றால் லட்சக்கணக்கான வருடம் என்று என் மாணவர்கள் நினைக்கிறார்கள். அப்பாவும் கடைக்காரரும் சில வருடங்களிலேயே அதை நடத்திக் காட்டிவிட்டார்கள்.

அந்தப் போகத்தில் அவருக்கு வைக்கோல்தான் மிஞ்சியது. அடுத்த வருடமும் அதே கதை. நிலத்தை விற்றுவிட்டு மகளோடு பூதலூருக்கே போய்விட்டார். வாங்கியது எங்கள் அப்பா. இன்றைக்குக் கேட்டாலும் நல்லதுக்குத்தான் செய்தேன் என்கிறார்.

நடுவரப்பை வெட்டிய அன்று நான் கைதட்டிக் குதித்தேன். வயல் நம்முடையது என்றால் அதிலுள்ள தட்டானெல்லாம் நம்முடையதுதானே? அந்தச் சம்பா நட்டுப் பயிர் எழும்பியதும், மருந்து அடித்ததிலிருந்து அப்பா போகவிடாத அந்த வயலுக்கு ஒரு சாயங்காலம் நூலும் கையுமாகப் போனேன். இருட்டும்வரை நின்றேன். ஒன்றுகூட வரவில்லை. நூலைச் சேற்றில் எறிந்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுது ஊரைக் கூட்டினேன். யார்மேல் கோபப்பட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு வந்த கோபம் மொத்தமும் எனக்குத் தட்டான்கள் மேல்தான்.