புல்தரையில் அப்பாவின் பெயர்

போன வாரம் கராஜைச் சுத்தம் செய்தபோது, பனி அள்ளும் மண்வெட்டிக்குப் பின்னால் ஓர் அட்டை அகப்பட்டது. தேர்தல் சமயத்தில் வாசல் புல்தரையில் நட்டுவைப்பார்களே, அதுதான். நீல அட்டையில் கொட்டை எழுத்தில் 'மாயாண்டி'. வேட்பாளர் நான், பெயர் அப்பாவுடையது. ஊரில் ஒற்றை எழுத்தாக எனக்கு முன்னால் நின்றவர், விசாவுக்கு அப்ளை பண்ணிய அன்று முழுசாகப் பின்னால் வந்து குடும்பப் பெயராகிவிட்டார். எங்கள் வம்ச வரலாறு அவ்வளவுதான்.

ஊர்ப் பள்ளிக்கூடங்களை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்துக்கான தேர்தல் அது. என்னை எதிர்த்து நின்றவர் ஹேசல்தார்ப். தங்கமான மனிதர். இங்கிலாந்தில் எப்போதோ அழிந்துபோன ஒரு கிராமத்தின் பெயராம் அது. உலகத்திலேயே நாலைந்து குடும்பத்துக்குத்தான் உண்டாம். துண்டறிக்கையில் அந்தக் கதையை அழகாக அச்சடித்திருந்தார். நியூ ஜெர்சியில் எங்கள் ஊரில் ஒரு சாலைக்கே அந்தப் பெயர். சாலையோடு எப்படி மோதுவது?

என் தொண்டர் படை, அம்மா ஒருத்திதான். விருதுநகரிலிருந்து வந்து எங்களோடு இருந்தாள். இங்குள்ள கோயில் கான்டீனில் புளியோதரை வாசனைக்கு நடுவே மேசை மேசையாகப் போய், "எம் மகன் நிக்கான், அவனுக்கே போடுங்க" என்பாள். என் பெயரில் அங்கேயே பத்துப் பேர். "லாஸ்ட் நேம் என்ன ஆன்ட்டி?" என்று கேட்டால் போச்சு. கட்டின புருஷன் பேரைச் சொல்வதாவது! பெயர் அச்சடித்த சின்ன அட்டையை நீட்டுவாள். அப்பா இறந்த பிறகும் அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை.

தேர்தலுக்கு முந்தின ஞாயிறு அந்தச் சின்ன அட்டைகள் தீர்ந்துவிட்டன. நான் காபி வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய குடும்பம் கார் சாவியோடு எழுந்தது. "பேர் தெரியாம எப்படி ஆன்ட்டி வோட் பண்றது?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "மாயாண்டி." யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த முறை கான்டீனே திரும்பிப் பார்த்தது. "மாயாண்டி! எங்க வீட்டுக்காரர் பேரு! மறந்துராதீக!"

ஜெயித்தோம். மயிரிழையில்தான், ஆனாலும் ஜெயித்தோம்! ஹேசல்தார்ப் கைகுலுக்கி, உங்கள் பெயருக்கு என்ன வரலாறு என்று விசாரித்தார். நான் அம்மாவைக் காட்டினேன். அம்மா வெட்கப்பட்டாள்.

இப்போது பள்ளி மைதானத்தில் என் மகள் கோல் போட்டால், மொத்தக் கூட்டமும் அந்தப் பேரைச் சொல்லிக் கத்துகிறது. அதைச் சொல்லாமலே, 'ஏங்க' என்ற ஒரே சொல்லில் அப்பாவைத் திரும்பிப் பார்க்க வைத்த அம்மாதான் இப்போது இல்லை.