இருபத்தொரு நாள் வைக்கோல்

என் அக்கா புருஷன் முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். அக்கா செத்தபின், பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் அவர் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கையோடு கூட்டிவந்து என் மாட்டுக்கொட்டகையில் வைத்துக்கொண்டேன். கறிக்காகக் காளைகளைக் கொழுக்கவைத்து விற்பது என் தொழில். புண்ணியம் செய்ததாக எனக்கு நினைப்பு. நிஜத்தில் வேலைக்கு ஆள் கிடைக்காமல் அல்லாடிக்கொண்டிருந்தேன்.

கொட்டகை ஊருக்கு வெளியே. நான் காலையில் தலைகாட்டிவிட்டுப் போய்விடுவேன். அப்புறம் மாமாவும் பன்னிரண்டு காளைகளும்தான். தொட்டியருகே முட்டி மோதுகிற காளைகளிடம், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்வளவு எடம் கெடக்கு!" என்று கத்துவார். அப்போது விழுந்து விழுந்து சிரித்தேன்.

வெறும் வைக்கோலில் மாட்டுக்கு உயிர் தங்கும், சதை ஏறாது. அதற்குப் பக்குவம் உண்டு. நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவை அறுபது லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் மூடி, காற்றுப் புகாமல் ஓரமெல்லாம் மண் அணைக்க வேண்டும். இருபத்தொரு நாள் கை வைக்கக்கூடாது. பிரித்ததும் நெடி மூக்கைத் துளைக்கும். நிழலில் பரப்பி, நெடி போனபின் போட்டால் மாடு விடாமல் தின்னும். மாமா இதில் புலி. அளவும் தப்பாது, நாளும் தப்பாது.

அவர் வந்தபிறகு காளைகள் சீக்கிரமே தேறின. லாரியும் சீக்கிரமே வந்தது. எவ்வளவுக்கெவ்வளவு நன்றாகத் தீனி போட்டாரோ, அவ்வளவு சீக்கிரம் அவர் தனியாள் ஆனார். என் மரமண்டைக்கு இது ஏறவில்லை. லாரி வந்தால் அவர் வைக்கோல்போருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

"என்ன மாமா, பொண்ணக் கட்டிக்குடுத்து அனுப்புற மாதிரி நிக்கிறீங்க?" என்று கிண்டலடிப்பேன்.

"அடுத்தது எப்ப வரும் மாப்ள?" என்று மட்டும் கேட்பார்.

போன வருஷம் வந்த கூட்டத்தில் வால் அறுந்த காளை ஒன்று. மொட்டைவால் என்று பேர் வைத்தோம். அது மாமா எங்கே போனாலும் பின்னாலேயே போகும். அவர் உட்கார்ந்தால் தோளில் தாடையை வைத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் மினுமினுவென்று ஆக, இது மட்டும் எலும்பும் தோலுமாகவே நின்றது. டாக்டரைக் கூட்டிவந்தேன். பூச்சி மருந்து கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"அது ஒடம்பு வாகு மாப்ள. எடை பத்தாதத லாரிக்காரரு எப்பவும் கழிச்சிருவாரே, அடுத்த சுத்துக்கு நிக்கட்டும்" என்றார் மாமா.

எனக்கு எரிச்சல். தின்றும் தேறாத மாட்டுக்கு இன்னொரு சுற்றுத் தீனியா? லாரி வர இன்னும் பத்து நாள் இருந்தது. மாமா யூரியா வாங்கப் போயிருந்த நேரத்தில், வழியோடு போன வியாபாரி ஒருவரிடம் மொட்டைவாலைத் தள்ளிவிட்டேன்.

மாமா மூட்டையோடு திரும்பிவந்தார். காலியான முளைக்குச்சியைப் பார்த்தார்.

"மொட்டை எங்க?"

"வித்துட்டேன் மாமா. தண்டத்தீனி. எவ்வளவு போட்டாலும் ஒட்டல."

மூட்டையை இறக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றார்.

"நான் போடல மாப்ள" என்றார். "அதுக்கு மட்டும் வெறும் வைக்கோல்தான் போட்டேன். எளச்சிருந்தா நிக்கும்னு நெனச்சேன்."

ஒரு மாட்டைப் பட்டினி போட்டுத் தன்னோடு வைத்துக்கொள்ளப் பார்க்கும் அளவுக்கு ஒரு மனுஷனை அங்கே தனியாக விட்டிருக்கிறேன்.

"மத்ததுக்குப் போட்ட மாதிரி அதுக்கும் நல்லதாப் போட்டிருந்தா, இன்னும் பத்து நாள் இருந்திருக்கும்ல?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம்.