போன முறையை விட ஏழு புள்ளி

பள்ளிக்கூடத்தில் தவணை முடிவில் தரும் "ரிப்போட்" புத்தகம் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்த மறுநாளே கடற்காற்றில் ஈரலிப்பேறி, உப்பும் பசையும் கலந்த ஒரு மணம் மணக்கும். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும் அந்த மாடிவீட்டில், எனக்கு அது பெருமையின் மணம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் குடியேறிய எங்கள் ஆட்கள் ஒரு பிள்ளையைக் கண்டால் சுகம் விசாரிக்கும் முன்பே "எத்தனையாம் பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். வகுப்பில் எத்தனையாவது இடம் என்று அதற்குப் பொருள். நான் எப்போதும் முதலாம் பிள்ளை.

என் தங்கை சுகி என்னைவிட இரண்டு வயது இளையவள். படிப்பு அவளுக்கு லேசில் பிடிபடுவதில்லை. ரிப்போட்டைத் திறந்தால் எங்கள் எல்லோருடைய கண்ணும் நேரே அடிவரிக்குப் போகும், வகுப்பில் பெற்ற நிலை அங்கேதான் எழுதியிருக்கும். சுகி மட்டும் அடிவரியைப் பார்க்கவே மாட்டாள். ஒவ்வொரு பாடத்துக்கும் நேரே மூன்று தவணைக்கும் பக்கத்தில் பக்கத்தில் கட்டமிருக்குமல்லவா, அதில் விரலை வைத்துக் குறுக்கே இழுத்துக்கொண்டு போய், போன தவணையை விட ஒரு புள்ளி கூடியிருந்தாலும் கட்டிலில் ஏறிக் குதிப்பாள். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. உள்ளதைச் சொன்னால் எரிச்சலாகவும் இருந்தது. முதலாம் பிள்ளையாக வந்த நான் ஒருநாளும் அப்படிக் குதித்ததில்லை, அடுத்த முறை யார் என்னை முந்துவார்களோ என்ற பயம்தான் எனக்கு.

அவள் ஏழாம் வகுப்பிலிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை தெஹிவளையிலிருந்து மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். அம்மா தேத்தண்ணியும் ரோல்ஸும் கொண்டுவந்து வைப்பதற்குள் சுகி ரிப்போட்டும் கையுமாக அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, கணக்கில இருபத்தொண்டு! போனமுறை பதினாலுதான் எடுத்தனான்."

"அது கிடக்கட்டும், எத்தனையாம் பிள்ளை வந்தனீ?"

அவளுக்கு உண்மையாகவே தெரியாது. நான் ரிப்போட்டைப் பறித்து அடிவரியைப் பார்த்து, "முப்பத்தாறாம் பிள்ளை, மாமா! வகுப்பிலயே முப்பத்தாறு பேர்தான்!" என்று கத்தினேன். வீடே சிரித்தது. அம்மாவும் சிரித்துவிட்டார். சுகியும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள், பிறகு ரிப்போட்டை என் கையிலிருந்து மெல்ல வாங்கி மூடினாள்.

அதன்பின் அவள் குதித்ததை நான் காணவில்லை. அப்பாவிடம் கையெழுத்து வாங்கிப் பையில் வைத்துவிடுவாள். சண்டையில்லை, கோபமும் இல்லை. என் சட்டைகளைப் போட்டாள், என் கல்யாணத்தில் ஓடியோடி வேலை செய்தாள், தானும் கல்யாணமாகிக் கனடா போனபின்பும் ஞாயிறுதோறும் என்னை அழைத்தாள். என் பிள்ளைகளைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பாள். அவளைப் பற்றிக் கேட்டால், "இருக்கிறன் அக்கா, வழமைபோலத்தான்" என்பாள். பனியில் கார் ஓட்டப் பழகியதைக்கூட வேறு யாரோ சொல்லித்தான் அறிந்தேன்.

போன வருடம் அவள் இறந்துபோனாள். நோயில் கால் இரண்டும் ஓய்ந்து படுக்கையில் கிடந்தது எனக்குத் தெரியும். மாதக்கணக்கில் மறுபடி நடக்கப் பழகியது தெரியாது. கடைசியாக முகம் பார்க்கப் போவதற்கு விசாவும் கிடைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து அவள் கணவர் தொலைபேசியில் கதைத்தபோதுதான் சொன்னார்.

"கட்டிலில இருந்து கதவடி வரைக்கும் எட்டடி, மச்சாள். முதல்நாள் ரெண்டடி வைச்சவ, பிறகு மூண்டு. கதவைத் தொட்ட அண்டைக்கு அவவுக்கு வந்த சந்தோசத்தை நீங்கள் பாத்திருக்க வேணும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நானும் கேட்டனான். 'அக்கா ஓடித் திரியிற ஆள், எட்டடியைச் சொன்னாச் சிரிப்பா' எண்டவ."

அந்த ஒழுங்கையில் எங்கள் மாடிவீடு இப்போது இல்லை, லிஃப்ட் வைத்த அடுக்குமாடி ஒன்று நிற்கிறது. சில பள்ளிக்கூடங்களில் நிலை போடுவதையே விட்டுவிட்டார்கள் என்று கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை யாரும் அழைப்பதில்லை. நான் சிரித்திருக்க மாட்டேன், அழுதிருப்பேன், அதை அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் அவள் அதை நம்புவதற்கு நாற்பது வருடமாக நான் ஒன்றுமே செய்திருக்கவில்லை.