மேசையை அறுத்துச் செய்த பெட்டிகள்

வீடுகளுக்கு வயரிங் செய்கிற ஆள் அவர். இருபத்தாறு வருஷத் தொழில். ஒரு பெரிய வீட்டில் ஏணி மேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பைத்தியம் பிடித்தது. கீழே வீட்டுக்காரர் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளில் பாட்டுப் போட்டார். அடித்தாளம் ஏணி வழியாகவே ஏறி வந்து இவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு ஃபேன் மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் கூடுதலாயிற்று.

பெட்டிகளின் விலையைக் கேட்டார். கேட்டதோடு சரி.

"வாங்க முடியலேன்னா செஞ்சுட்டுப் போறேன்" என்று வீட்டில் அறிவித்தார். பழைய சாமான் கடையில் கழற்றிப் போட்ட இரண்டு ஸ்பீக்கர்கள் அகப்பட்டன. கூம்பு நன்றாகத்தான் இருந்தது, ஓரத்து ஸ்பாஞ்சுதான் எலி கடித்த மாதிரி உதிர்ந்து கிடந்தது. மெல்லிய துணியை வளையமாக வெட்டி, ரப்பர் பசை பூசி ஒட்டினார். ஆம்ப்ளிஃபையர், செல்போன் கடையில் வேலை பார்க்கிற மச்சினன் உபயம். தன் பழசைத் தூக்கிப்போட மனசில்லாமல் மாமா தலையில் கட்டிவிட்டான்.

மிச்சம் பலகை. மெல்லிசாக இருந்தால் பெட்டியும் சேர்ந்து அதிரும். தடிமனாக வாங்கக் கையில் காசில்லை. அவர் கண் சாப்பாட்டு மேசை மேல் போய் நின்றது.

"கண்ணை எடுங்க" என்றாள் மனைவி.

"கேட்டுப் பாரு, அப்புறம் நீயே சரின்னு சொல்லுவே."

"பாடலேன்னா?"

"பாடும்."

"பாடலேன்னா மேசைக்குப் பதிலா நீங்க குனிஞ்சு நிக்கணும். உங்க முதுகுல தட்டை வெச்சுத்தான் சாப்பிடுவேன், சொல்லிட்டேன்."

மேசை போயிற்று. இரண்டு மாசம் மடியில் தட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அறுப்பதும் இழைப்பதும், காற்றுப் போக இடமில்லாமல் பசை வைத்துச் சேர்ப்பதுமாகப் போனது. வீட்டில் துவைத்த துணியிலும் மரத்தூள் வாசம்.

பெட்டிகள் முடிந்த அன்று மச்சினன் வந்து உட்கார்ந்தான். பாட்டுப் போட்டார்கள். பாடினவர் குரல் எங்கேயோ சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது. தாளத்தைக் காணவே காணோம்.

"மாமா, டப்பாவுக்குள்ள ஈ மாட்டின மாதிரி இருக்கு."

"வாயை மூடு மாப்ளே."

மனைவி எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார்.

ரொம்ப நேரம் பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஆழம் அதிகமாகிவிட்டது, பின்பக்கம் நாலு விரல் அறுத்து எடுத்தால் சரியாகும் என்று முடிவு கட்டினார். அது சரியா என்று அவருக்கே தெரியாது. அறுத்தபின் தப்பென்று தெரிந்தால் ஒட்டவும் முடியாது, அறுக்க இன்னொரு மேசையும் வீட்டில் இல்லை. இருந்தாலும் ரம்பத்தை எடுத்தார். பாட்டை நிறுத்தக்கூடத் தோன்றாமல் ஒரு பெட்டியின் வயரைப் பிடுங்கினார்.

'தும்' என்றது மற்றப் பெட்டி.

சமையற்கட்டிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன பண்ணினீங்க? இப்ப நல்லா இருக்கே!"

"ஒண்ணும் பண்ணலை. ஒண்ணைக் கழட்டினேன்."

"அப்ப ரெண்டும் சேர்ந்தா ஒத்துப்போகலை. நாம ரெண்டு பேரும் கட்டில் நகர்த்தற மாதிரி. நீங்க இழுப்பீங்க, நானும் எதிர்ப்பக்கம் இழுப்பேன்."

ரம்பம் அப்படியே நின்றது. டார்ச்சிலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றினார். ஒரு பெட்டியின் வயர்களைப் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் தொட்டார். கூம்பு முன்னால் குதித்தது. மற்றதில் அதே மாதிரி தொட்டார். உள்ளே போயிற்று.

ஸ்பீக்கரில் வயர் மாட்டுகிற இரண்டு கால்களில் ஒன்றில் சிவப்புப் பொட்டு இருந்ததை மாட்டும்போதே பார்த்திருந்தார். பார்த்து, "பல்புக்கு எந்த வயர் எந்தப் பக்கம் போனா என்ன, எரியுதா இல்லையா?" என்று அலட்சியமாக முடுக்கியவர்தான். ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் தாளம் எங்கே நிற்கும்? நடுவிலேயே செத்துப்போகும்.

ஒரு பெட்டியின் வயர்களை இடம் மாற்றி முடுக்கினார். அரை நிமிஷ வேலை. பாடினவர் சுவருக்குப் பின்னாலிருந்து நடுக்கூடத்துக்கு வந்து நின்றார். ஜன்னல் கண்ணாடி லேசாகக் கலகலத்தது.

"என்ன மாமா கோளாறு?"

பசை காயவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. "வயரை மாத்திக் குடுத்துட்டேன் மாப்ளே" என்றார்.

"நீங்களா? இருபத்தாறு வருஷ வயர்மேனா?"

அவன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். மனைவி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து, ஒரு பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"டேய், நீ சிரிச்சது போதும். அவர் போட்ட பாட்டு ஒரு வரிகூடக் காதுல விழலை." பிறகு கணவரைப் பார்த்தாள். "முதல்லேர்ந்து போடுங்க. சத்தம் இன்னும் கொஞ்சம் வைங்க."