வலை முடிச்சுப் போட்ட புண்கட்டு

கடப்பாக்கத்து சியாமளா பிறந்தது பஸ்ஸில். 1962-ஆம் வருஷம், செய்யூரைத் தாண்டி மதுராந்தகம் போகிற வழியில். தாய் பூவாயிக்குத் துணை, கருவாட்டுக் கூடையோடு வந்த ஒரு கிழவியும், கண்ணை இறுக மூடிக்கொண்ட கண்டக்டரும். பிள்ளை அழுததும் கண்டக்டர் அரை டிக்கெட் கிழித்தார் என்று ஊரில் சொல்வார்கள். நான் நம்பவில்லை, கைப்பிள்ளைக்கு ஏது டிக்கெட்? ஆனால் டிரைவர் எங்கேயும் நிற்காமல் பஸ்ஸை நேரே செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது நிஜம். வண்டியில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை, மதுராந்தகம் கோர்ட்டில் சாட்சி சொல்லவேண்டிய ஒருவரைத் தவிர. ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட நர்ஸின் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டாள் பூவாயி.

பெயர் வேலை செய்தது. சியாமளா ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸுக்குப் படித்தாள், அங்கேயே ஞானஸ்நானமும் எடுத்தாள். அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றுவதை விடாத பூவாயி, "உன் சாமியும் மீன் புடிக்கிறவங்களோட சுத்துனவருதானே, இருக்கட்டும்" என்று அதோடு விட்டாள். 1993-இல் மிஷன்காரர்கள் சியாமளாவை ஆப்பிரிக்காவில் மலாவிக்கு அனுப்பினார்கள். மலைமேல் ஆஸ்பத்திரி. மாசத்துக்கு அறுபது பிரசவம் பார்ப்பாள்.

ஒன்பது வருஷம் கழித்து, 2002 ஏப்ரலில், ஆறு மாச லீவில் வந்தாள். வந்த அன்றே தாயின் புடவைக் கரைக்குக் கீழே ஒரு கந்தல் சுற்றியிருப்பதைப் பார்த்துவிட்டாள். வலது காலில், சுண்டுவிரலுக்குக் கீழே புண். சர்க்கரை வேறு. புதுப்பட்டினத்து டாக்டர், "ஆறினால் சரி. ஆறாவிட்டால் இரண்டு விரலை எடுக்கவேண்டி வரும்" என்றார்.

"புண் ஆறுகிறவரை நான் போகமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள் மகள். அதுதான் அவள் செய்த பிசகு.

தினமும் காலையில் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவி, மருந்து வைத்து, துணிப்பட்டையால் சுற்றுவாள். மலாவியில் பிளாஸ்திரி கிடைப்பது அரிது. அதனால் பட்டையின் நுனியை இரண்டாகக் கிழித்து, கணுக்காலின் வெளிப்பக்கம் தட்டையாக ஒரு முடிச்சுப் போட்டுப் பழகியிருந்தாள். படுத்தால் உறுத்தாது. அங்கே போட்ட பழக்கத்தை இங்கேயும் விடவில்லை.

புண் சுருங்கும். தோல் மூட வருகிற வாரத்தில் மறுபடி சிவந்து வாய் திறக்கும். ஒரு தடவை உள்ளே மணல்கூட இருந்தது. லீவு முடிந்தது, மிஷன் நீட்டித்துக் கொடுத்தது. நவம்பர் கடைசியில் கடிதம் வந்தது. ஜனவரி பதினைந்துக்குள் அவள் வராவிட்டால் பிரசவ வார்டை மூடுவதைத் தவிர வழியில்லை, வேறு மருத்துவச்சி கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

மறுநாள் காலை கட்டைப் பிரிக்க உட்கார்ந்தவள் கை நின்றுவிட்டது. நுனியை இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. புருஷன் இருசப்பன் போனபின் பூவாயி இருபது வருஷமாக வலை பின்னுகிறவள். அவள் விரலுக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றே ஒன்றுதான்.

"இன்னாம்மா இது? யாரு கட்னது?"

"நேத்து நீதானே கட்ன."

"நான் கட்னது இழுத்தா அவுரும். இது வலை முடிச்சு."

பூவாயி கூரையைப் பார்த்தாள். "காத்துல அவுந்து போச்சு. கட்டிக்கினேன்."

வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த தம்பி சுதாகர் சிரித்துவிட்டான். "அக்கா, காத்து அடிச்சு கட்டு அவுருமா? கெய்வி தெனம் நீ சந்தைக்குப் போனதும் கரைக்குப் போயி கட்டோட காலை அலையில நனைச்சு, வெயில்ல காயவெச்சுக்கினு கீது. நேத்து அலையில கட்டு அவுந்துக்கிச்சு. நீதான் சொன்னேன்னு சொல்லிச்சு."

"கட்டையில போறவனே, உன்ன யார்ரா கேட்டா?" என்றாள் பூவாயி.

சியாமளா திட்டவில்லை. திட்டியிருந்தால் கிழவி சமாளித்திருப்பாள். கட்டை அவிழ்க்காமல் மடியில் அந்தக் காலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"போவாதடின்னு வாயால சொல்லும்மா. நின்னுடறேன். காலை வெச்சு ஏமாத்தாத. ரெண்டு விரலு போயிடும்."

சொல்லவேண்டியது ஒரு வார்த்தைதான். பூவாயியால் அதைச் சொல்ல முடியவில்லை. வேறொன்று கேட்டாள்.

"நீ போவலன்னா அந்தப் பொம்பளைங்க எங்க போவாளுங்க?"

"அடுத்த ஆஸ்பத்திரி நாப்பது மைலு."

"பஸ்ஸு கீதா?"

"லாரிதாம்மா. அதுவும் மழைக்கு வராது."

"பஸ்ஸுலயே உயிரு போயி உயிரு வந்துச்சு எனக்கு" என்றாள் பூவாயி. பிறகு குனிந்து, முடிச்சைக் கட்டைவிரலால் பின்பக்கம் தள்ளினாள். அது அப்படியே கழன்று விழுந்தது. "இழுக்கக் கூடாது. தள்ளணும். நர்ஸு படிச்சா போதுமா? கட்டு, ஒழுங்காக் கட்டு."

அதற்குப் பிறகு கிழவி வாசற்படி தாண்டவில்லை. அலை அவளைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். அதையும் நான் நம்பவில்லை. ஜனவரி ஒன்பதாம் தேதி புண்ணின்மேல் தோல் மூடியது. புதுத் தோல் கெட்டிப்படும்வரை தினமும் கட்டு வேண்டும் என்று, சியாமளா சுதாகருக்குக் காலைக் கழுவவும் கட்டவும் சொல்லிக்கொடுத்தாள். மூன்று நாள் அவன் கட்டியதையே பிரித்துப் பிரித்துக் கட்டவைத்தாள்.

பதிமூன்றாம் தேதி கிளம்பினாள். அவளுடைய தகரப்பெட்டியை நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டியது பூவாயி. உள்ளே வஞ்சிரக் கருவாடு இரண்டு கிலோ, மகளுக்குத் தெரியாமல்.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. சுதாகர் படித்துக்காட்டினான். பதினான்காம் தேதி போய்ச் சேர்ந்தாளாம். அன்று ராத்திரியே வார்டில் இரட்டைப் பிள்ளை. அந்த ஊர் ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறக்க இரண்டு அதிகாரிகள் அரைமணி நேரம் முடிச்சோடு மல்லுக்கட்டினார்களாம். திறந்ததும் வந்த வாசனைக்கு, அதைவிட வேகமாக மூடிக் கொடுத்துவிட்டார்களாம்.

பூவாயி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கயிற அறுத்துட்டானுங்களா?"

"இல்லம்மா. அக்காவே தள்ளி அவுத்துச்சாம்."

"அப்ப சரி" என்று காலை நீட்டினாள் பூவாயி. சுதாகர் கட்டைப் பிரிக்க உட்கார்ந்தான்.